மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் தமிழ்நாட்டு மதுக்கடைகளில் வழக்கமான முகங்கள் சில காணாமல் போகும். நேற்றுவரை காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் டீ கிளாஸைப் பிடிக்கக் கை நிற்காத மனிதர், இன்று கழுத்தில் துளசிமணி மாலையோடு விடியுமுன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு மண்டலம் முழுக்க வாயில் ஒரு சொட்டுப் படாது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். சம்பளம் முழுசாக வந்து சேரும். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய சில நாட்களில் அவர் மறுபடி பழைய இடத்தில் நிற்பார். உடனே ஊர் ஒரு தீர்ப்பு எழுதும்: "அப்ப முடிஞ்சது, இப்ப முடியலையாக்கும்? எல்லாம் கொழுப்பு."

குடிநோய்க்குச் சிகிச்சை தருகிறவர்கள் இதே காட்சியை வேறு விதமாகப் படிக்கிறார்கள். அந்த 41 அல்லது 48 நாட்களில் அவருடைய மனவுறுதியோடு சேர்ந்து அவரைச் சுற்றியிருந்த எல்லாமே மாறியிருந்தன. எழும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. சாயங்காலம் ஆறு மணி அவருக்கு மிகவும் இக்கட்டான நேரம். அந்த நேரத்தில் பஜனையும், உடன் மாலை போட்ட சாமிகளின் துணையும் கிடைத்தன. தினமும் கடைக்கு இழுத்துப்போன கூட்டாளியே கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனார். நேற்று வரை குடிகாரன் என்ற ஊர் இன்று சாமி என்றது. நல்ல மறுவாழ்வு மையம் ஒன்று பெரும்பாடுபட்டு உருவாக்கப் பார்க்கும் ஏற்பாடுகளில் பாதி, மருத்துவர் யாரும் இல்லாமலேயே அவருக்கு அமைந்துவிடுகிறது. மாலையைக் கழற்றும் நாளில் அத்தனையும் மொத்தமாக விலகிப் போகிறது. பல வருடக் குடியில் மாறிப்போன மூளை மட்டும் அப்படியே இருக்கிறது.

போதைச் சிகிச்சையின் அறிவியல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். நிறுத்திய பின் அப்படியே வாழ்வதற்கு மருந்தும் ஆலோசனையும் மனிதர்களும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தேவைப்படுகிறார்கள்.

அந்த முதல் வாரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான வாரம் அது. மூளையில் நரம்புகளைத் தணிக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, அதன் பெயர் காபா. நரம்புகளைத் தூண்டிவிடுவது குளூட்டமேட். ஆல்கஹால் காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் குடித்தவருக்கு உடல் தளர்கிறது, பயம் போகிறது, தூக்கம் வருகிறது. தினமும் குடிக்கும்போது மூளை இதற்கு ஈடுகட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. தணிக்கும் பக்கத்தைத் தானே குறைத்துக்கொண்டு, தூண்டும் பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் திடீரென்று குடி நின்றால் தணிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. தூண்டுதல் மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஒரு சிறு பகுதியினருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் ஜன்னி பிடிக்கும். காய்ச்சல் ஏறும். இரவா பகலா என்பது தெரியாது. சுவரில் பூச்சி ஊர்வதாக அலறுவார்கள். சரியான மருந்துகள் வராத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. இன்றைய சிகிச்சையில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது நாடே இதைக் கண்ணெதிரே பார்த்தது. கேரளத்தில் குடி கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த மாநில அரசு ஓர் உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பெங்களூரு மருத்துவமனைகளில் ஜன்னியும் வலிப்புமாக வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. இவர்களில் பலரின் உயிரைக் காக்க வேண்டியவை விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் மருந்துகள்தான். டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்றவை காபாவின் தணிக்கும் வேலையைத் தற்காலிகமாக ஏற்று நடத்தும். ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின் ஊசி. நீண்ட காலம் குடித்தவர்களின் உடலில் தயமின் வற்றியிருக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையின் நினைவுப் பகுதி நிரந்தரமாகச் சேதமடையலாம். வீட்டுக்குள் பூட்டிவைத்து "நாலு நாள் கிடந்தா சரியாப் போயிடும்" என்று காத்திருப்பது எவ்வளவு பெரிய பந்தயம் என்பது இதிலிருந்து விளங்கும். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலை போடுவதாக இருந்தாலும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போடுவதே நல்லது.

முதல் வாரம் கடந்துவிட்டது. நடுக்கம் இல்லை, பசி எடுக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. பிறகும் ஏன் கால்கள் கடைப் பக்கம் திரும்புகின்றன?

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி 1990களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் கிடைத்தது. குரங்குக்குப் பழரசத் துளி கிடைக்கும்போது மூளையில் டோபமைன் நரம்புகள் துடித்தன. ரசம் வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழக்கியபின், துடிப்பு ரசத்தை விட்டு விளக்குக்கு இடம் மாறியது. இன்பம் வரப்போகிறது என்று சொல்லும் அடையாளமே மூளையைக் கிளப்பிவிடப் போதுமானதாக ஆயிற்று. குடிநோயாளிக்கு அந்த விளக்குகள் தெருவெங்கும் எரிகின்றன. கடை இருக்கும் திருப்பம், சம்பள நாள், பிளாஸ்டிக் கிளாஸ் நசுங்கும் சத்தம், மிளகாய் தூவிய மாங்காய்த் துண்டு, வீட்டில் நடந்த சண்டை என்று ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். அதே சமயம், 'வேண்டாம், நில்' என்று தடுக்க வேண்டிய மூளையின் முன்பகுதி நீண்ட காலக் குடியில் பலம் குறைந்திருக்கிறது. மாதங்கள் போகப் போக அது கணிசமாகத் தேறும். 48 நாள் அதற்குப் போதாது.

இந்த இடைக்காலத்தைத் தாண்ட உதவும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் ரகசியமாகப் புழங்கும் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் கோபன்ஹேகனில் எரிக் யாகப்சன், யென்ஸ் ஹால்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டைசல்ஃபிரம் என்ற பொருள் குடற்புழுக்களைக் கொல்லுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீங்கு உண்டா என்று அறிய அதைத் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வந்தது. காரணம் எளிது. உடல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாற்றும். பிறகு ஒரு நொதி அதைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றிவிடும். டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது, நச்சு உடலில் தேங்குகிறது. 1948ல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியாகி, குடிநோய்க்கான முதல் மருந்து பிறந்தது.

நோயாளி தெரிந்து, சம்மதித்து, தினமும் காலையில் மனைவியோ அம்மாவோ பார்க்க விழுங்கினால் இது நல்ல மருந்து. குடிக்கலாமா வேண்டாமா என்று நாளெல்லாம் மனதோடு போராடுவதற்குப் பதில், காலையில் ஒரு முறை முடிவெடுத்தால் போதும். இதையே சாம்பாரிலோ மோரிலோ தெரியாமல் கலந்து கொடுத்தால் கதை மாறிவிடுகிறது. 'அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் வழக்கமான அளவு குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு தங்கியிருக்கும். அவருக்கு உண்மை தெரியவரும் நாளில், அந்த வீட்டில் சோற்றின் மேலிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். வேறு வழி தெரியாமல்தான் பெண்கள் இதைச் செய்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு வேறு வழி காட்டாத சமூகம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேறு மருந்துகள் இப்படிப் பயமுறுத்துவதில்லை. நால்ட்ரெக்சோன் மதுவால் கிளம்பும் இன்ப உணர்வை மங்கச் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994ல் குடிநோய்க்கு இதை அனுமதித்தது. அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்தியவரின் மூளையில் கொதித்துக்கொண்டிருக்கும் குளூட்டமேட்டை அடக்கி வைக்கும். ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு பாக்லோஃபென் உதவும் என்று 2007ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாமே இந்தியாவில் கிடைக்கின்றன. ஆனாலும் இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் வருடக்கணக்கில் அல்லாடும் குடும்பங்கள் ஏராளம் என்பது வேதனையானது.

மருந்து மட்டும் போதுமா என்ற கேள்விக்குச் சென்னையில் ஓர் அனுபவப் பாடம் இருக்கிறது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் 1979ல் குடிநோயால் இறந்தபோது அவருக்கு வயது 33. வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். அமெரிக்கா வரை கொண்டுபோய்ச் சிகிச்சை தேடியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் போதைச் சிகிச்சை நிறுவனத்தில் பயிற்சி பெற்று, 1980ல் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது நடத்துவதுதான் அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை. 1992ல் பத்மஸ்ரீ விருதும், 1999ல் ஐ.நா.வின் வியன்னா விருதும் அவருக்கு வந்தன.

அங்கே உருவான முறையில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, நோயாளியின் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம். பல வருடங்கள் குடிநோயாளியோடு வாழ்ந்தவருக்கும் தூக்கம் போயிருக்கிறது, பயம் பழகியிருக்கிறது, பொய் சொல்லிச் சமாளிப்பதே வாழ்க்கையாகியிருக்கிறது. இரண்டாவது, 1989 முதல் திருவாரூர் அருகே மஞ்சக்குடியில் நடந்த கிராம முகாம்கள். ஆளை ஊரைவிட்டுப் பிரித்துக் கொண்டுபோவதற்குப் பதில் சிகிச்சையை ஊருக்குள் கொண்டுபோனார்கள். 15 நாள் முகாம் முடிந்தபின் அதே ஊர்தான் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதே ஊர்தான் அவருக்கு வேலை தர வேண்டும். ஆகவே ஊரும் சிகிச்சையில் ஒரு பங்காளியாக இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம்.

குடும்பம் என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். குடிக்கிறவர் சிகிச்சைக்கு வர மறுக்கும் 130 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, 1999ல் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் நெருக்குவது ஒரு வழி. அதில் நூற்றுக்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினர் தங்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரும் அல்-அனான் வழியில் 13 பேர். மூன்றாவது, ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய வழி. குடிக்காத நேரத்தில் அன்போடு அருகில் இருப்பது, குடித்திருக்கும்போது சண்டையும் போடாமல் பணிவிடையும் செய்யாமல் விலகி நிற்பது, குடியால் வரும் நஷ்டத்தை மூடி மறைக்காமல் அவரே சந்திக்க விடுவது, அவர் மனம் கனியும் ஒரு தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, அடி விழும் வீடாக இருந்தால் முதலில் தன் பாதுகாப்பைப் பார்ப்பது. இதில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். கத்துவதும் கெஞ்சுவதும் தவிர வேறு ஆயுதம் இல்லை என்று நினைக்கும் மனைவிமார் ஒவ்வொருவருக்கும் இந்த எண்கள் போய்ச் சேர வேண்டும்.

சிகிச்சை முடித்து வந்தவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் இன்னொரு கை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது அது. ஒருவர் பங்குச் சந்தைக்காரர், மற்றவர் அறுவை மருத்துவர். தமிழ்நாட்டு ஊர்களில் இன்று பள்ளி வகுப்பறையிலும் சர்ச் கூடத்திலும் சாயங்காலம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். பக்திச் சாயல் இருப்பதால் மருத்துவ உலகில் சிலர் இதை நீண்ட நாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 2020ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. இந்த வழியில் போனவர்களில் ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற ஆலோசனைச் சிகிச்சைகளில் 35 சதவீதம். கூட்டத்துக்குப் போகிறவர்கள் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் தினமும் கவனிக்கக் கற்கிறார்கள். குடிக்கச் சொல்லி இழுக்கும் அந்த நினைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தில் போன் போட்டுப் பேச ஓர் ஆள் கிடைத்தால் அன்றைய நாள் தப்பியது.

ஆனாலும் பலர் மறுபடி குடிப்பார்கள். போதைச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் திரும்பிப் போகிறார்கள் என்று 2000ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான புகழ்பெற்ற கட்டுரை சொன்னது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சை ஒழுங்கை விட்டு மறுபடி நோய் முற்றி வருவதும் ஏறக்குறைய அதே அளவில், சில சமயம் அதைவிட அதிகமாகவே நடக்கிறது என்றும் அது காட்டியது. சர்க்கரை ஏறிப்போய் வந்தவரை யாரும் "உனக்கு எத்தனை தடவை சொல்வது, போய்விடு" என்று துரத்துவதில்லை. மருந்தை மாற்றுகிறார்கள், மறுபடி வரச் சொல்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட் கவனித்த ஒரு விஷயம் இங்கே மிகவும் உதவும். ஆறு மாதம் குடிக்காதவர் ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டால், அந்த ஒரு கிளாஸை விட, 'எல்லாம் போச்சு, இனி எதற்கு' என்ற எண்ணமே அவரை முழுக் குடிக்குத் தள்ளுகிறது. ஆறு மாதத்தில் தேறிய மூளை ஒரே இரவில் பழையபடி ஆகிவிடுவதில்லை. அடுத்த நாள் காலையில் ஆலோசகரிடம் போய் உள்ளதைச் சொல்ல முடிகிறவர் பெரும்பாலும் மீண்டுவிடுகிறார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சிகிச்சை போய்ச் சேர்வது சொற்பம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180க்கு ஒருவர். இந்தப் பள்ளத்தில்தான் ஆளைக் கட்டிப்போட்டு அடிக்கும் போலி மையங்கள் முளைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை சார்ந்த மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை அது தடை செய்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்ட மறுக்கும் மையத்திலும், உறவினரைச் சந்திக்கவே விடமாட்டோம் என்னும் மையத்திலும் யாரையும் சேர்க்கக் கூடாது.

பள்ளத்தை நிரப்பப் பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று கோவா காட்டியிருக்கிறது. சங்கத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. அளவுமீறிக் குடித்துவந்த, ஆனால் முழு அடிமை நிலைக்கு இன்னும் போகாத ஆண்களிடம் அவர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், முந்தைய இரண்டு வாரங்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 18 சதவீதம். 2017ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. முற்றிய நோய்க்கு இந்த வழி போதாது. ஆனால் முற்றுவதற்கு முன்பே பிடித்துவிட ஒரு சுகாதார நிலையமும் பேசத் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரரும் போதும் என்றால், தமிழ்நாட்டைப் போல ஆரம்ப சுகாதார நிலையங்கள் வலுவாக உள்ள மாநிலம் இதைச் செய்யாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2025ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. நாடு முழுவதற்குமான இலவச உதவி எண் 14446. முதல் முறை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்கள் சில விவரங்களை மறைக்காமல் சொன்னால் அந்த ஆபத்தான முதல் வாரத்தைச் சரியாகத் திட்டமிட முடியும். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, தினமும் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததா, மஞ்சள் காமாலையோ ரத்த வாந்தியோ இருந்ததா, தூக்க மாத்திரை பழக்கம் உண்டா, வீட்டில் தெரியாமல் ஏதாவது பொடியோ மாத்திரையோ கொடுத்திருக்கிறார்களா என்பவையே அவை. கடைசிக் கேள்விக்கான பதிலை நோயாளி முன்னால் சொல்லத் தயங்கினால், மருத்துவரைத் தனியாகப் பார்த்தாவது அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.